பட் லாவ் துங் லாய்: ஹாங்காங் படகு மக்கள் நடுவே ஒரு தேதி கிழித்த கோடு

1988 கோடையில், அன்று பிரிட்டனின் காலனியாக இருந்த ஹாங்காங்கின் வானொலியில், பாட்டுக்கும் செய்திக்கும் நடுவே, ஊர்க்காரர்கள் யாருக்கும் புரியாத மொழியில் ஓர் அறிவிப்பு வரத் தொடங்கியது. மறுபடி மறுபடி வந்தது. டாக்சி ஓட்டுபவர், மீன் விற்பவர், பள்ளிக்கூடப் பிள்ளை என்று எல்லார் காதிலும் விழுந்தது. ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை, ஆனால் முதல் நாலு அசை மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த ஊர்ச் சீன மொழியான கான்டனீஸ் பேசுகிறவர்களின் காதுக்கு அது ‘பட் லாவ் துங் லாய்’ என்று கேட்டது. அப்புறம் அதுவே வியட்நாமியரைக் கேலியாகக் குறிக்கும் சொல்லாக அந்த ஊரில் நிலைத்துவிட்டது.

அந்த நாலு அசைக்கு வியட்நாமிய மொழியில் ‘இன்று முதல்’ என்று பொருள். இன்று முதல் ஹாங்காங்கில் புதிய கொள்கை அமலுக்கு வந்துவிட்டது, பிழைப்புத் தேடிச் சட்டவிரோதமாக வருகிறவர்கள் அகதிகள் அல்ல, சட்டவிரோதக் குடியேறிகள் என்றே நடத்தப்படுவார்கள் என்று அறிவிப்பு நீளும். கேட்டவர்களுக்குப் புரியவில்லை. புரியக்கூடியவர்களில் பெரும்பாலோர் அப்போது வியட்நாமிலிருந்து படகேறிக் கடலில் இருந்தார்கள்.

அந்த ‘இன்று’ 1988 ஜூன் 16. அதற்கு முந்தைய நாள் வரை கரையேறியவர், கேள்வி ஏதும் இல்லாமல் அகதி. மறுநாள் வந்தவர், தான் அகதி என்று நிரூபிக்க வேண்டியவர். ஒரே மீனவக் கிராமத்திலிருந்து ஒரு வாரம் முன்பின்னாகக் கிளம்பிய அண்ணன் தம்பிகூட இப்படி இரண்டு வகையாகப் பிரிந்துபோக முடியும். இந்தோசீன (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) அகதிகளுக்கு ‘நிரந்தரத் தீர்வு’ தேடிய அரசுக் கொள்கைகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த ஒரு தேதிதான். அது எப்படி வந்தது, என்ன செய்தது, யாரை எங்கே விட்டது என்று பார்ப்போம்.

முதல் பதிமூன்று வருடம்

தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்ட் படைகளிடம் விழுந்தது 1975 ஏப்ரல் 30. நாலாம் நாளே, மே 4 அன்று, கிளாரா மேர்ஸ்க் என்ற டென்மார்க் சரக்குக் கப்பல் நடுக்கடலில் ஏற்றிய 3,743 பேருடன் ஹாங்காங் துறைமுகத்துக்கு வந்தது. அவர்களை இறக்கி, சோறு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேற்கு நாடுகளுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு அது ஒரு தனிச் சம்பவமாகவே தெரிந்தது.

1978இல் நிலைமை மாறியது. அந்த வருடம் மார்ச்சில் வியட்நாம் அரசு தெற்கில் தனியார் வணிகத்தை ஒழித்தது. அடி பெரும்பாலும் விழுந்தது அங்கிருந்த சீன வம்சாவளி வணிகர்கள் மேல். அடுத்த வருடத் தொடக்கத்தில் சீனாவுடன் போரும் வந்தது. வியட்நாம் அதிகாரிகளே தங்கத்தை வாங்கிக்கொண்டு ஆட்களைக் கப்பலேற்றி விட்டார்கள். அப்படி வந்த ஹுயே ஃபாங் என்ற கப்பல் 1978 டிசம்பரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஹாங்காங் எல்லைக்கு வெளியே நின்றது. சுமார் ஒரு மாதம் இழுபறி. கடைசியில் உள்ளே விட்டுச் சோதித்தபோது இயந்திர அறையில் ஒளித்து வைத்த தங்கம் அகப்பட்டது. கப்பல் தலைவர் உட்படப் பலர் மீது வழக்கு நடந்தது. அடுத்து வந்த ஸ்கைலக் கப்பலை அரசு நாலு மாதத்துக்கு மேல் நங்கூரத்திலேயே நிறுத்தி வைத்தது, ஆட்களை இறங்க விடவில்லை. 1979 ஜூன் இறுதியில் உள்ளே இருந்தவர்களே நங்கூரச் சங்கிலியை அறுத்துவிட, கப்பல் மிதந்துபோய் லாமா தீவுப் பாறையில் ஏறியது. வேறு வழியில்லாமல் இறக்கினார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஹாங்காங்குக்கு வந்தவர்கள் 68,000 பேருக்கு மேல்.

அதே வருடம் ஜூலையில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில் பேரம் படிந்தது. அக்கம்பக்கத்து நாடுகள் படகுகளைக் கடலுக்குத் திருப்பித் தள்ளாமல் கரையேற விட வேண்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், பிரிட்டன் போன்றவை அவர்களைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வியட்நாம் படகுகளைத் தடுத்து, போக விரும்புகிறவர்களை விமானத்தில் முறைப்படி அனுப்ப வேண்டும். ஹாங்காங் தன்னை ‘முதல் புகலிடத் துறைமுகம்’ என்று அறிவித்துக்கொண்டது. பிரிட்டன் அங்கிருந்து 10,000 பேரை எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டது.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி ஒன்றுதான்: முன்வாசலில் எத்தனை பேர் வருகிறார்களோ, பின்வாசலில் அத்தனை பேர் போக வேண்டும். சில வருடம் அப்படித்தான் நடந்தது. 1975 முதல் 1995 வரை மொத்தமாகப் பார்த்தால் வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றிலிருந்தும் வெளியேறி முகாம்களுக்கு வந்தவர்களில் 13 லட்சம் பேர் வேறு நாடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். அமெரிக்கா மட்டும் 8.2 லட்சம். இதற்குச் சமமாக வேறொன்றை அதற்குப் பின் உலகம் செய்ததில்லை என்றே நினைக்கிறேன். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் எண்பதுகளில் பின்வாசல் இறுகத் தொடங்கியது. எடுத்துக்கொள்ளும் நாடுகள் களைத்துப்போயின. 1982 ஜூலை 2 முதல் புதிதாக வருகிறவர்களை ஹாங்காங் மூடிய முகாம்களில் போட்டது. அதுவரை காய் டாக் போன்ற திறந்த முகாம்களில் இருந்தவர்கள் காலையில் கௌலூன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புவார்கள். தொழிலாளர் தட்டுப்பாடு இருந்த காலம் என்பதால் முதலாளிகளுக்கும் அதில் லாபம். இனி வேலி, காவலர், வெளியே போகத் தடை. முதல் மூடிய முகாமான சி மா வானை நடத்தியது சிறைத்துறை. கஷ்டமாக இருக்கும் என்று ஊருக்குக் கடிதம் போனால் அடுத்தவர் வரமாட்டார் என்பது கணக்கு.

கணக்கு தப்பியது. 1988இல் 18,000 பேருக்கு மேல் வந்தார்கள். இம்முறை வந்தவர்களில் பலர் வேறு மாதிரி ஆட்கள், கொள்கை திரும்பியதற்கு அதுதான் முக்கியக் காரணம். முன்பு வந்தவர்கள் தெற்கத்திக்காரர்கள், சைகோன் ராணுவத்தில் இருந்தவர்கள், சீன வணிகர்கள். இப்போது வந்தவர்கள் ஹைஃபாங், குவாங் நின் பக்கத்து வடக்கத்தி மீனவர்களும் விவசாயிகளும். சீனக் கரையை ஒட்டியே சின்னப் படகில் வந்துவிடலாம், நடுக்கடலைத் தாண்ட வேண்டியதில்லை. அவர்களுக்கு அமெரிக்காவில் அண்ணன் இல்லை, பழைய ராணுவ அடையாள அட்டையும் இல்லை. எடுத்துக்கொள்ளும் நாடுகள் தேடியதோ அவற்றைத்தான்.

இதில் உள்ளூர்க் கோபமும் சேர்ந்தது. 1980 அக்டோபர் முதல் சீனாவிலிருந்து திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்தவர்களை, ஹாங்காங்காரர்களின் சொந்த மாமன் மச்சானாகவே இருந்தாலும், பிடித்த உடனே திருப்பி அனுப்பினார்கள். ‘எங்கள் இரத்தத்தைத் துரத்துகிறீர்கள், எங்கிருந்தோ வந்தவர்களுக்குச் சோறு போடுகிறீர்களா’ என்ற கேள்விக்குக் காலனி அரசிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி முழுக்க நியாயமற்றது என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

விசாரணை அறை

சரி, 1988 ஜூன் 16 முதல் என்ன ஆனது? வந்தவரைத் தடுப்பு முகாமில் வைத்துவிட்டு, குடிவரவு அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து விசாரிப்பார். ஏன் வந்தாய்? அப்பா என்ன வேலை பார்த்தார்? குடும்பத்தில் யாராவது மறுகல்வி முகாமில் (பழைய ஆட்சியின் ஆட்களைப் புதிய அரசு அடைத்த இடம்) இருந்தார்களா? குடும்பப் பதிவு அட்டை இருந்ததா? 1951ஆம் வருட அகதிகள் ஒப்பந்தம் சொல்லும் அளவுகோல், அதாவது இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்கிறதா என்பதே கேள்வி. பட்டினி அந்தப் பட்டியலில் இல்லை.

நடைமுறையில் இது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். வடக்கத்தி மீனவர் ஒருவர். கூட்டுறவுக்கு மீன் அளக்க மறுத்ததால் படகைப் பறித்தார்கள், பள்ளியில் பிள்ளைக்கு இடம் தரவில்லை. இது அரசியல் துன்புறுத்தலா, வறுமையா? அவர் வாயிலிருந்து முதலில் வருவது “பிழைக்க வழியில்லை” என்பதுதான். அந்த ஒரு வரி தாளில் ஏறினால் முடிந்தது. விவரம் தெரிந்தவர் வேறு வரிசையில் சொல்லியிருப்பார். மறுக்கப்பட்டால் மறுஆய்வு வாரியத்திடம் போகலாம். ஐ.நா. அகதிகள் உயர் ஆணையமும் தனியாகப் பார்த்துச் சிலரை அகதிகளாக ஏற்றது. எல்லாம் கடந்தும், விசாரிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் ‘அகதி அல்ல’ என்ற பக்கத்தில்தான் விழுந்தார்கள்.

1989 ஜூன் 13, 14 தேதிகளில் ஜெனீவாவில் இரண்டாவது மாநாடு கூடி ‘விரிவான செயல்திட்டம்’ ஒன்றை ஏற்றது. ஹாங்காங் தனியாகத் தொடங்கியதை வட்டாரம் முழுக்க விரித்தார்கள் என்று சொல்லலாம். மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்தில் கோடு 1989 மார்ச் 14. தேதிக்கு முன் வந்தவரை மேற்கு நாடுகள் எடுத்துக்கொள்ளும். பின் வந்தவருக்கு விசாரணை: தேறியவர் மேற்கே, தேறாதவர் வீட்டுக்கு. வியட்நாம், திரும்பி வருகிறவர்களைத் தண்டிக்காது என்று வாக்குக் கொடுத்தது. அகதி விவகாரத்தில் மக்கள் கிளம்புகிற நாட்டையே மேசையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியது அப்போது புதுசு. இந்தத் திட்டத்தின் நிஜமான கண்டுபிடிப்பு அதுதான், விசாரணை அல்ல.

ஐம்பத்தொரு பேர்

திரும்பிப் போவது முதலில் விருப்பத்தின் பேரில்தான் நடந்தது. 1989 மார்ச்சில் முதல் விமானத்தில் 75 பேர் போனார்கள். போகிறவருக்கு ஐ.நா. ஆணையம் ஆளுக்கு 360 டாலர் வரை தவணையாகத் தந்தது. அன்றைய வியட்நாம் கிராமத்தில் அது சின்னத் தொகை இல்லை. ஆணையத்தின் ஆட்கள் ஊர் ஊராகப் போய் ‘யாராவது தொந்தரவு செய்கிறார்களா’ என்று விசாரித்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு போய் மறுபடி படகேறி வந்தவர்களும் உண்டு. அதனால் 1991 செப்டம்பர் இறுதிக்குப் பின் வந்தவர்களுக்கு அந்தத் தொகையை நிறுத்தினார்கள்.

ஆனால் போனவர்களின் எண்ணிக்கை வந்தவர்களுக்குப் பக்கத்தில்கூட இல்லை. 1989இல் மட்டும் 34,000 பேர் வந்திருந்தார்கள். டிசம்பர் 12 அன்று விடியும் முன், இருட்டில், ஃபீனிக்ஸ் ஹவுஸ் என்ற தடுப்பு இடத்துக்குள் கவசம் அணிந்த காவலர்கள் நுழைந்தார்கள். 51 பேரை வண்டியில் ஏற்றி, விமான நிலையம் கொண்டுபோய், ஹனோய்க்கு அனுப்பினார்கள். அதில் பாதிப் பேர் குழந்தைகள். உலகமே கத்தியது, அமெரிக்கா கண்டித்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் கட்டாய விமானம் கிளம்பவில்லை.

அமெரிக்காவின் கண்டனத்தை ஹாங்காங் அதிகாரிகள் கசப்போடு பார்த்ததில் வியப்பில்லை. ஹைட்டியிலிருந்து படகில் வந்தவர்களை அதே அமெரிக்கா அப்போது நடுக்கடலிலேயே மடக்கித் திருப்பிக்கொண்டிருந்தது.

1991 அக்டோபர் 29 அன்று பிரிட்டனும் வியட்நாமும் ஓர் ஒப்பந்தம் செய்தன. இந்த முறை பெயர் ‘முறையான திருப்பியனுப்பல்’. கட்டாயம் என்ற சொல் காகிதத்தில் இல்லை, நடந்தது அதுதான். நவம்பரில் முதல் விமானம். 1991இல் 20,000 பேருக்கு மேல் வந்த ஹாங்காங்குக்கு 1992இல் வந்த வியட்நாமியர் 12 பேர். பன்னிரண்டு ஆயிரம் இல்லை, பன்னிரண்டே பேர்.

இந்த எண்ணைக் காட்டித்தான் ‘திட்டம் வென்றது’ என்பார்கள். படகு நின்றது உண்மை. கடலில் கொள்ளையரிடமும் புயலிலும் மடிவது நின்றதும் உண்மை, அதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. ஆனால் விமானம் ஒன்றே நிறுத்தியது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1986இல் வியட்நாமில் தொடங்கிய தொய் மொய் என்ற பொருளாதாரச் சீர்திருத்தத்தால் நிலம் மறுபடி குடும்பங்களின் கையில் வந்திருந்தது, அரிசி ஏற்றுமதி தொடங்கியிருந்தது. தெற்கில் இருந்தவர்களுக்கு முறையாக விமானத்தில் போகும் வழி திறந்திருந்தது, அந்த வழியில் போனவர்கள் மட்டுமே 6 லட்சத்துக்கு மேல். திரும்பி வந்தவர்களின் ஊர்களில் ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சிறுதொழிலுக்குக் கடன் கொடுத்தது. வாசலை அடைத்த அதே சமயம் வீட்டுக்குள் அடுப்பும் எரியத் தொடங்கியது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மூன்றடுக்குக் கட்டில்

இனி, தேதிக்குப் பின் வந்து உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் பக்கம். ஹாங்காங்கின் மா ஆன் ஷானில் கடலுக்குள் நீண்ட மேட்டில் வைட்ஹெட் தடுப்பு முகாம் இருந்தது. ஒரு கட்டத்தில் இருபதாயிரத்துக்கு மேல் ஆட்கள். தகரக் கொட்டகைகள், அவற்றுக்குள் மூன்று அடுக்குப் பலகைக் கட்டில்கள் வரிசையாக. ஒரு குடும்பத்துக்கு ஓர் அடுக்கு. துணியைத் திரையாகக் கட்டினால் அது வீடு. அதற்குள்ளேயே சாப்பாடு, அதற்குள்ளேயே தாம்பத்தியம், பிள்ளைப் பேற்றுக்குப் பின் ஓய்வும் அங்கேதான். மேல் அடுக்கில் இருப்பவர் எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். சோறு பொதுச் சமையலறையிலிருந்து வரும். பெயரைவிட எண்ணுக்குத்தான் அங்கே மதிப்பு: படகுக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். கம்பி வேலிக்கு வெளியே எதையும் பார்க்காமல் நடக்கவும் பேசவும் கற்ற பிள்ளைகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

இப்படி அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. 1992 பிப்ரவரி 3, சந்திரப் புத்தாண்டு வேளை. செக் கோங் முகாமில் இரண்டு கும்பல்களுக்குள் மூண்ட சண்டையில் ஒரு கொட்டகையைப் பூட்டிக் கொளுத்திவிட்டார்கள். 24 பேர் செத்தார்கள். 1994 ஏப்ரலில் வைட்ஹெட்டில் ஆட்களை வேறு முகாமுக்கு மாற்றும்போது காவலர்கள் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை நூற்றுக்கணக்கில் வீசினார்கள், குழந்தைகள் இருந்த இடத்தில். 1996 மே மாதம் முகாமே எரிந்தது.

நடுவில் வாஷிங்டனிலிருந்து வந்த ஒரு செய்தியும் நிலைமையைக் கெடுத்தது. 1995இல் மறுபடி விசாரித்துச் சிலரை எடுத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா பேசப்பட்டது. முகாமுக்குள் அது ‘அமெரிக்கா கூப்பிடுகிறது’ என்று பரவியது. விருப்பத்தின் பேரில் போகப் பெயர் கொடுத்தவர்கள் எண்ணிக்கை சரிந்தது. கடைசியில் அமெரிக்கா, ஊருக்குத் திரும்பினால் அங்கேயே நேர்காணல் செய்து தகுதியானவர்களை எடுத்துக்கொள்கிறோம் என்ற ஏற்பாட்டுக்கு வந்தது. அதை நாலு வருடம் முன்பே செய்திருக்கலாம்.

விரிவான செயல்திட்டம் 1996 ஜூன் 30இல் முடிந்தது. அதன்படி எல்லா முகாம்களிலிருந்தும் வியட்நாமுக்குத் திரும்பியவர்கள் 1,09,000 பேருக்கு மேல். பெரும்பாலோர், குறைந்தபட்சம் காகிதத்தில், விரும்பிப் போனவர்கள்.

யாரும் கேட்காதவர்கள்

அகதிகளுக்கு நிரந்தரத் தீர்வு மூன்று என்று ஐ.நா. சொல்லும்: வேறு நாட்டில் குடியமர்த்துவது, சொந்த ஊருக்குத் திரும்புவது, வந்த இடத்திலேயே வாழ விடுவது. முதல் இரண்டையும் ஹாங்காங் இருபத்தைந்து வருடம் மாற்றி மாற்றி முயன்றது. மூன்றாவதை வாயெடுத்துச் சொல்லவே அரசு தயாராக இல்லை.

ஆனால் இரண்டு சல்லடையிலும் சிக்காமல் ஒரு கூட்டம் மிஞ்சியது. அகதி என்று ஒத்துக்கொள்ளப்பட்டவர்கள்தான், ஆனால் போதைப் பழக்கம், சிறைத் தண்டனை என்று ஏதோ ஒன்றால் எந்த நாடும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு பக்கம், விசாரணையில் தேறாத சீன வம்சாவளியினர். ‘இவர்கள் எங்கள் குடிமக்களே இல்லை’ என்று வியட்நாம் கையை விரித்தது. போக நாடில்லாதவரை எதற்காக அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று வழக்குப் போட்டார்கள். அன்று ஹாங்காங்கின் உச்ச நீதிமன்றமாக இருந்தது லண்டனின் பிரிவி கவுன்சில். 1996 மார்ச்சில் அது தெளிவாகச் சொன்னது: அனுப்புவதற்காகத்தான் தடுத்து வைக்கலாம், அனுப்பவே முடியாது என்று தெரிந்த பின் தடுத்து வைப்பது சட்டவிரோதம். சாதாரணமாக யோசித்தால் தெரியும் இந்த விஷயத்தைச் சொல்ல லண்டன் வரை போக வேண்டியிருந்தது.

ஹாங்காங் தன் கைக்கு வரும் நாளான 1997 ஜூலை 1க்கு முன் எல்லாரையும் அனுப்பிவிட வேண்டும் என்று சீனா அழுத்தியது. முழுசாக முடியவில்லை. 1998 ஜனவரியில் ஹாங்காங் ‘முதல் புகலிடத் துறைமுகம்’ என்ற கொள்கையையே கைவிட்டது. மிஞ்சியவர்கள் டுயன் முன்னில் இருந்த பில்லர் பாயிண்ட் என்ற திறந்த முகாமில் இருந்தார்கள்.

2000 பிப்ரவரி 22 அன்று அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: மிச்சமிருக்கும் சுமார் 1,400 பேரும் ஹாங்காங்கிலேயே தங்க விண்ணப்பிக்கலாம். அகதி, அகதி அல்லாதவர் இருவருக்கும் ஒரே படிவம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வானொலியில் போட்ட கோடு அந்தப் படிவத்தில் இல்லை. மே 31 அன்று பில்லர் பாயிண்ட்டை மூடினார்கள். 70 லட்சம் பேர் நெருங்கிய ஊரில் 1,400 பேர் எங்கே போனார்கள் என்று யாரும் தேடவில்லை, அடையாள அட்டையோடு வாடகை வீடு தேடப் போனார்கள்.

ஹாங்காங்குக்கு வந்த படகு மக்கள் 1975 முதல் 1995 வரை 1,95,833 பேர். அவர்களுக்காக ஐ.நா. ஆணையத்தின் சார்பில் ஹாங்காங் முன்பணமாகச் செலவழித்து, திரும்பி வராமல் நின்ற பாக்கி 116 கோடி ஹாங்காங் டாலர். கடைசி முகாம் மூடிய பின்னும் பல வருடம் சட்டமன்ற உறுப்பினர்கள் எழுந்து அந்தப் பணம் எப்போது வரும் என்று கேட்டார்கள். அரசின் பதில் ஒரே மாதிரி இருந்தது: கேட்டுக்கொண்டிருக்கிறோம், ஆணையத்திடம் பணம் இல்லை.